செட்டிநாட்டு வீட்டில் ஃபைட்டர் மீன்: ஹீட்டர் எத்தனை வாட், தண்ணீர் எத்தனை டிகிரி

காரைக்குடி வெயிலுக்கு மீன் தொட்டியில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை, வைகாசிக்கு அது சரியான கேள்விதான். ஆனால் கார்த்திகை பிறந்து தை முடியும் வரை, விடியற்காலையில் வெளியே 20, 21 டிகிரி வரைக்கும் இறங்கிவிடுகிறது. அதே நாள் மத்தியானம் 29, 30. பெரிய தொட்டி என்றால் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். பத்து, இருபது லிட்டர் தண்ணீருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அறை போகும் வழியிலேயே அதுவும் போகும். குளிரைவிட ஃபைட்டர் மீனை அதிகம் வாட்டுவது இந்தத் தினசரி ஊஞ்சல்தான். ஆகவே நம் ஊரில் ஹீட்டரின் வேலை தண்ணீரைச் சுட வைப்பது இல்லை, ராத்திரியில் இறங்க விடாமல் பிடித்து நிறுத்துவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தேவைக்கு மேல் பெரிய ஹீட்டரை வாங்க மாட்டீர்கள்.

எத்தனை டிகிரி

ஃபைட்டர் மீனின் பூர்வீகம் தாய்லாந்தின் மத்தியச் சமவெளி. வயல், வாய்க்கால், சதுப்பு என்று வருஷம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் ஆழமில்லாத தண்ணீர். வீட்டுத் தொட்டியில் 25 முதல் 27 டிகிரி வரை அதற்கு ஏற்றது. ஹீட்டரை 26-இல் வைத்துவிடுங்கள். 24 வரை இறங்குவதும் 28 வரை ஏறுவதும் மெதுவாக நடந்தால் பாதகமில்லை. ஒரு நாளில் இரண்டு டிகிரிக்கு மேல் ஆடக் கூடாது என்பதைத்தான் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

22-க்குக் கீழே போனால் மீனைப் பார்த்ததுமே தெரியும். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அடியிலோ இலை மேலோ சாய்ந்து கிடக்கும். மூச்சு வாங்க மட்டும் மெல்ல மேலே வந்துவிட்டுத் திரும்பும். போட்ட இரையை வாயில் வாங்கித் துப்பும். சாப்பிட்டாலும் செரிக்காது, வயிறு உப்பி, மிதக்கவும் முடியாமல் மூழ்கவும் முடியாமல் பக்கவாட்டில் சாயும். எதிர்ப்புச் சக்தி குறைவதால் துடுப்பு அழுகலும் வெண்புள்ளி நோயும் இந்த மாதங்களில்தான் அதிகம் வருகின்றன. கடையில் மருந்து கேட்பதற்கு முன்னால் காலை ஐந்தரை மணிக்குத் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

மேல் பக்கமும் ஆபத்து உண்டு. 30 டிகிரியைத் தாண்டிப் பல நாள் நின்றால் உடம்பு வேகமாக ஓடும், பசி கூடும், ஆயுசு குறையும். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் குறைவு. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் உடனே திணறாது. ஃபில்டரில் குடியிருந்து, மீன் கழிவின் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு அந்த வசதி கிடையாது. அமோனியாவின் விஷமும் சூட்டோடு கூடும்: பி.எச். 8 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் விஷமான பங்கு 25 டிகிரியில் 5 சதவீதம், 30 டிகிரியில் 7.5 சதவீதம். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் பி.எச். பல இடங்களில் உயர்வாகவே இருக்கும்.

குஞ்சு பொரிக்க விடுவதென்றால் 27, 28. அந்தச் சூட்டில் முட்டை ஒன்றரை நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் பொரியும். வெண்புள்ளிக்கு மருந்து போடும்போது 29, 30 வரை மெதுவாக ஏற்றலாம், கிருமியின் சுற்று சீக்கிரம் முடியும். வாயிலும் முதுகிலும் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளைப் படலம் வந்தால் ஏற்றவே கூடாது. அந்தப் பாக்டீரியா சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும். 24, 25-இல் வைத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் அளவெடுங்கள்

முதலில் தொட்டியில் உண்மையாக எத்தனை லிட்டர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர். கண்ணாடியின் உயரத்தைப் போடாதீர்கள். மணலுக்கு மேலே, தண்ணீர் மட்டம் வரைக்கும் மட்டும். 12×8×8 தொட்டியில் தண்ணீர் ஆறரை அங்குலம் நின்றால் 10 லிட்டர். 15×10×10 தொட்டியில் எட்டரை அங்குலம் நின்றால் 21 லிட்டர். ஒன்றரை அடித் தொட்டியில், அதாவது 18×12×12-இல், பத்து அங்குலம் நின்றால் 35 லிட்டர்.

கடையில் மீனோடு தரும் இரண்டு லிட்டர் ஜாடிக்கு ஹீட்டரே பார்க்க வேண்டாம். அவ்வளவு சின்னத் தண்ணீரில் எந்த ஹீட்டரும் நிதானமாக வேலை செய்யாது. தொட்டியை மாற்றுவதுதான் வழி. பத்து லிட்டருக்குக் குறைய வேண்டாம், இருபது என்றால் மீனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

அடுத்து, தொட்டி வைக்கும் இடத்தில் விடியற்காலை எவ்வளவு இறங்குகிறது என்று மூன்று நான்கு நாள் பாருங்கள். ஒரே ஊரில் வீட்டுக்கு வீடு இது மாறும். பழைய வீட்டில், கனத்த சுவர் வைத்த உள் அறையில், வெளியே 21 என்றால் உள்ளே இரண்டு மூன்று டிகிரி கூடவே நிற்கும். வளவு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் அப்படி இல்லை. திறந்த முற்றம் வழியே ராத்திரிக் குளிர்காற்று இறங்கும், ஐப்பசி மழைக்குச் சாரலும் அடிக்கும். பார்வைக்கு அழகான இடம்தான், ஃபைட்டர் தொட்டிக்கு ஆகாது. புது மாடி வீட்டில், மேல் தளத்துக் கான்கிரீட் கூரைக்குக் கீழே, வெயில் காலத்தில் நடுநிசி வரை சூடு இறங்கிக்கொண்டிருக்கும். ஏ.சி. அறை தனிக் கதை. ராத்திரி 22-இல் ஏ.சி. ஓட, பகலில் 33-க்கு ஏற, அந்தத் தொட்டிக்கு வைகாசியிலும் ஹீட்டர் தேவைப்படும். கூடுமானவரை அந்த அறையைத் தவிர்த்துவிடுங்கள்.

எத்தனை வாட்

அடிப்படைக் கணக்காக லிட்டருக்கு ஒரு வாட் என்பது நம் ஊருக்குப் போதும். குளிர் தேசத்துக்காரர்கள் சொல்லும் பெரிய கணக்கு, அறை 15, 16-க்கு இறங்கும் இடங்களுக்கானது. நமக்கு ஈடுகட்ட வேண்டிய வித்தியாசம் நான்கு முதல் ஆறு டிகிரிதான்.

மூடி போட்ட பத்து லிட்டர் தொட்டி, அறையைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் ஏறக்குறைய 2 வாட் சூட்டை வெளியே விடும். இருபது லிட்டர் என்றால் 3 வாட், முப்பத்தைந்து லிட்டர் என்றால் 4.5 முதல் 5. அறை 21, தண்ணீர் 26 வேண்டும் என்றால் வித்தியாசம் 5: பத்து லிட்டருக்கு 10 வாட், இருபதுக்கு 15, முப்பத்தைந்துக்கு 25 வாட் வரை. இதோடு பாதியைக் கூட்டி, கடையில் கிடைக்கும் அடுத்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் இருபதுக்கும் 25 வாட், முப்பத்தைந்துக்கு 50. ஏ.சி.யை 18 வரை இறக்கும் அறையில் இருக்கும் இருபது லிட்டருக்கும் 50 தேவைப்படலாம்.

பாதியைக் கூட்டச் சொல்வதற்குக் காரணம் கரண்ட். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால், 25 வாட் ஹீட்டர் 19 வாட்தான் கொடுக்கும். சாயங்காலம் பல்பு மங்கும் கிராமங்களில் இது நிஜமான கணக்கு.

உங்கள் தொட்டிக்கே துல்லியமாகத் தெரிய வேண்டுமா? மீன் விடுவதற்கு முன்னால் தண்ணீரை 27 வரை சூடேற்றி, ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு, ராத்திரி ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை லிட்டரால் பெருக்கி, மறுபடி 1.16-ஆல் பெருக்கினால் எத்தனை வாட் வெளியே போகிறது என்று வரும். 20 லிட்டர், மணிக்கு 0.7 டிகிரி என்றால் 16 வாட். மூடியோடு ஒரு முறையும் மூடி இல்லாமல் ஒரு முறையும் செய்து பார்த்தால் மூடியின் அருமை புரியும். தண்ணீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் சூடு மிக அதிகம். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே ஒன்றரை அங்குலமாவது காற்று இருக்கட்டும். மீன் அங்கேதான் மூச்சு வாங்குகிறது, அந்தக் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

பெரிய வாட் வாங்கினால் சீக்கிரம் சூடாகுமே என்று நினைப்பதில்தான் மீன்கள் சாகின்றன. ஹீட்டரின் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்துத் தானே அணைத்துப் போடும் சுவிட்ச், ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். விலை குறைந்த ஹீட்டரில் இரண்டு உலோகம் சேர்த்த சின்னத் தகடுதான் சுவிட்ச். ஆயிரக்கணக்கான முறை பொறி பட்டு, நுனி உருகிப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு ஹீட்டர் அணையாது. வாட்டை 0.86-ஆல் பெருக்கி லிட்டரால் வகுத்தால் மணிக்கு எத்தனை டிகிரி ஏறும் என்று வரும். பத்து லிட்டரில் 100 வாட் ஒட்டிக்கொண்டால் மணிக்கு எட்டரை டிகிரி. நீங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் 34-ஐத் தாண்டிவிடும். அதே தொட்டியில் 25 வாட் என்றால் மணிக்கு இரண்டு டிகிரிதான், அதுவும் போகப் போகக் குறையும். கண்ணில் பட்டுப் பிளக்கைப் பிடுங்க நேரம் கிடைக்கும்.

எந்த வகை

டிகிரியைத் திருகி வைக்கும் வசதி உள்ள, முழுக்கத் தண்ணீரில் மூழ்கும் ஹீட்டராகப் பாருங்கள். 26-இல் நிலைத்த சின்ன ஹீட்டரும் பரவாயில்லை, ஆனால் அது 28 காட்டினால் திருத்த வழியில்லை. யு.எஸ்.பி. வயரில் ஓடும் 5 வாட், 10 வாட் வகைகளில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டே இருக்காது. ராத்திரி பகல் பாராமல் சுட்டுக்கொண்டே இருக்கும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

காசு கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் விலை உயர்ந்த ஹீட்டருக்குப் பதில் தனி டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது மேல். ஹீட்டரை 28-இலும் கன்ட்ரோலரை 26-இலும் வைத்தால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது அணைக்கும். கன்ட்ரோலரின் சென்சார் வயர் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வெளியே விழுந்துவிட்டால் அறைக் குளிரை அளந்து ஹீட்டரை ஓட விட்டுக்கொண்டே இருக்கும்.

தெர்மாமீட்டர் கட்டாயம். தொட்டிக்கு வெளியே ஒட்டும் பட்டை பாதி அறையைக் காட்டும், பாதி தண்ணீரைக் காட்டும். உள்ளே நிற்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரோ, வயர் உள்ள டிஜிட்டலோ வாங்குங்கள்.

மின்செலவு பற்றிப் பயம் வேண்டாம். 25 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் ஓடினாலும் 0.3 யூனிட். இரண்டு மாத பில்லில் 18 யூனிட்.

மாட்டும் முறை

ஹீட்டரைத் தண்ணீருக்குள் இறக்கி, அரை மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகுதான் பிளக். கண்ணாடியும் தெர்மோஸ்டாட்டும் தண்ணீரின் சூட்டுக்கு வந்த பிறகு மின்சாரம் பட வேண்டும். கண்ணாடியில் குறைந்தபட்ச நீர்மட்டக் கோடு இருக்கும். அது எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். சின்னத் தொட்டியில் ஹீட்டரைப் படுக்கை வாட்டில், மணலிலிருந்து இரண்டு அங்குலம் மேலே வைப்பது நல்லது. சூடு கீழிருந்து மேலே பரவும்; தண்ணீர் வற்றினாலும் ஹீட்டர் வெளியே தெரியாது. மணலில் புதைந்தால் ஒரே இடத்தில் சூடேறிக் கண்ணாடி விரியும்.

ஸ்பான்ஜ் ஃபில்டரின் குமிழிப் பக்கத்தில் ஹீட்டர், எதிர் மூலையில் தெர்மாமீட்டர். தண்ணீர் லேசாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஹீட்டர் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை 26 ஆக்கிவிட்டு அணைந்துவிடும், மறு மூலை 23-இல் கிடக்கும். ஃபைட்டருக்கு வேகமான ஓட்டம் பிடிக்காது, ஏர் பம்பின் குழாயில் ஒரு வால்வு போட்டு நொடிக்கு ஒன்றிரண்டு குமிழியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் ராத்திரியில் இந்த மீன் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைந்து படுத்துக்கொள்ளும். நீண்ட துடுப்பு அதில் சிக்கிக் கருகும். பிளாஸ்டிக் உறை போட்ட ஹீட்டர் வாங்குங்கள். இல்லையென்றால் மீன் நுழைய முடியாதபடி கண்ணாடியோடு நெருக்கியோ, தாராளமாக இரண்டு அங்குலம் தள்ளியோ வையுங்கள்.

ஒரு நாள் முழுக்க ஓட விட்டுப் பிறகு டிகிரியைத் திருத்துங்கள். ஹீட்டரின் குமிழில் 26 என்று இருந்தாலும் தண்ணீர் 24 அல்லது 28 காட்டுவது சகஜம். தெர்மாமீட்டரை நம்பி, ஒரு நாளைக்கு ஒரு டிகிரி என்று திருகிச் சரிசெய்யுங்கள்.

வயர் சாக்கெட்டுக்கு நேரே இறங்கக் கூடாது. சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கினால், வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பழைய வீடுகளில் வயரிங்கும் பழையது, பல சாக்கெட்டில் எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை சோதித்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டர் உயிரோடு இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

தொட்டியை ஆத்தங்குடிக் கல் தரையிலோ கல் திண்ணையிலோ வைத்திருந்தால், அரை அங்குலத் தெர்மாகோல் ஒன்றை அடியில் போடுங்கள், பின்பக்கக் கண்ணாடிக்கும் ஒன்று. கல் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் மாற்றும்போது

ஹீட்டர் நன்றாக ஓடும் வீட்டிலும் மீன் அதிர்ச்சி வாங்குவது இந்த இடத்தில்தான். மார்கழிக் காலையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் 21. வைகாசி மத்தியானம் அதே குழாயில் 40. இருபது லிட்டரில் ஐந்து லிட்டரை எடுத்துவிட்டு, எட்டு டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் தொட்டி ஒரே நிமிஷத்தில் இரண்டு டிகிரி இறங்கும். முந்தின நாளே வாளியில் பிடித்து, தொட்டி இருக்கும் அறையில் வையுங்கள். கால்வாசிக்கு மேல் மாற்றாதீர்கள். ஊற்றும் முன் வாளியில் தெர்மாமீட்டரை வைத்து, வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வரும்வரை வெந்நீர் கலந்து சரிசெய்யுங்கள். வாசலில் அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீரை ஆவியான அளவுக்கு ஈடாக ஊற்றலாம், உப்பு சேராது. அதையும் அறைச் சூட்டுக்கு வர விட்டுத்தான்.

தண்ணீரை இறக்குவதற்கு இருபது நிமிஷம் முன்பே ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சூடான கண்ணாடி காற்றில் தெரிந்து, அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டப்பென்று வெடிக்கும்.

ராத்திரி கரண்ட் போனால் பதறாதீர்கள். மூடி போட்ட இருபது லிட்டர் தொட்டி மணிக்கு அரை முதல் முக்கால் டிகிரிதான் இறங்கும். கம்பளியோ தடித்த துண்டோ சுற்றி விடுங்கள், இரை போடாதீர்கள். 25 வாட் என்பது இன்வெர்ட்டருக்கு ஒரு சுமையே இல்லை.

வெயில் வந்ததும்

மாசி பாதியில், விடியற்காலை அறை 25-க்குக் கீழே போகாத நாள் வந்ததும் ஹீட்டரைக் கழற்றிவிடலாம். சித்திரையில் அறையே 34 ஆகும்போது தேவை குளிர்ச்சி. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சின்ன மேசை மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகத் திருப்புங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், புழுக்கமான நாளில் குறையும். வலை இல்லாமல் விடாதீர்கள், ஃபைட்டர் குதிக்கும்.

ஐஸ் கட்டியை நேரே போடுவது வேண்டாம். உறைந்த பாட்டிலை மிதக்க விடுபவர்கள் அளவு பார்க்க வேண்டும்: 200 மில்லி பாட்டில் முழுக்கக் கரைந்தால் இருபது லிட்டரை ஒரு டிகிரி இறக்கும், பத்து லிட்டரை இரண்டு டிகிரி. அரை லிட்டர் பாட்டில் பத்து லிட்டர் தொட்டியில் ஐந்து டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். வெயிலைவிட அது கொடுமை.

கழற்றிய ஹீட்டரில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அரை மணி நேரம் வினிகரில் ஊற வைத்து, மென்துணியால் துடைத்து, கழுவிக் காய வைத்து, துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். ஐப்பசியில் எடுக்கும்போது நேரே மீனிடம் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஆவி படிந்திருந்தாலோ, ரப்பர் மூடியில் வெடிப்பு இருந்தாலோ தூக்கிப் போடுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சரியாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, தெர்மாமீட்டரோடு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். 26-இல் விளக்கு அணைந்து, 25-க்கு வரும்போது மறுபடி எரிந்தால் தொட்டிக்குள் போடலாம்.